முதுகில் தைத்த ரப்பர் கொட்டைகள்

என்னங்க, நம் மகன் ஓர் இயந்திரம் வாங்கி வந்திருக்கிறான். குறட்டைக்காம். அதை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் தூக்கத்தில் மூச்சு நிற்காதாம். உங்கள் உடம்பு அப்படியே அவனுக்கு. "இப்பத்தான் அத்தை நிம்மதியா தூங்குனேன் லா" என்கிறாள் மருமகள். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் அன்றைக்கு இருந்ததெல்லாம் இரண்டு கை ரப்பர் கொட்டைதானே!

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நம்மையெல்லாம் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரை எட்டாது. நீங்கள் மல்லாந்து படுத்தால் லயத்து வரிசை வீடெல்லாம் விழித்துக்கொள்ளும். "தம்பி, ஒங்க லோரிய நிப்பாட்டுங்கப்பா!" என்று பக்கத்து வீட்டு அக்கா பலகையைத் தட்டுவார். கல்யாணமாகி ஆறு மாதம்தான், எனக்கு மானமே போகும். ஆனால் குறட்டைக்கு நான் பயப்படவில்லை. அது நடுவில் சட்டென்று நிற்குமே, அதற்குத்தான் பயந்தேன். நெஞ்சு எழும்பும், மூச்சு வராது. ஊரடங்கில் வேலி வாசல் பூட்டிக் கிடக்கும், யாரைக் கூப்பிடுவது? உலுக்கிப் புரட்டிவிடுவேன். மூச்சு நிற்பதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகுதான் பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து ரப்பர் கொட்டையை நிரப்பினேன். மல்லாந்தால் குத்தும், தானாக ஒருக்களித்துக்கொள்வீர்கள்.

ஒரு விடியற்காலை அதன்மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு பால்மரம் சீவக் கிளம்பிவிட்டீர்களே, பாவி மனுஷா! காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது என்று வாசலில் எல்லாரையும் தடவிப் பார்த்த காலம். பிடிபட்டால் சிறைதான். உங்கள் முதுகைத் தொட்ட மலாய்க்காவலர், "பெராஸ்கா?" அரிசியா என்று துப்பாக்கியைத் தூக்கினார். வரிசையில் பின்னால் நின்ற நான் ஓடிவந்து பல்லாலேயே தையலைப் பிரித்தேன். கொட்டைகள் மண்ணில் உருண்டன. அப்படியும் அவர் விடவில்லை. இன்றைக்குக் கொட்டை, நாளைக்கு அரிசியா என்று கங்காணியிடம் கேட்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா அந்தச் செம்மண்ணிலேயே மல்லாந்து படுத்து, உங்களைப் போலவே குறட்டை விட்டுக் காட்டினார். "ஆமாங்கய்யா, நாங்க தூங்கி மாசக்கணக்காச்சு!" என்று வரிசையே சாட்சி சொல்லிச் சிரித்தது.

கங்காணியும் சிரித்துக்கொண்டே, "தள்ளிப் படுக்க வேண்டியதுதானே புள்ள?" என்றார்.

"தள்ளிப் படுத்தா, மூச்சு நிக்கிறப்ப யாரு எழுப்புறது?"

வாய்தவறி வந்துவிட்டது. சிரிப்பெல்லாம் அடங்கிப் போனது. கங்காணி அதை மலாயில் சொன்னதும் காவலர் நம்மைப் போகச் சொல்லிக் கையசைத்தார். நீங்கள் மட்டும் நகராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அன்று மதியம் வேலை முடிந்து வந்ததும் நீங்களே பாய் விரித்தீர்கள். "ராத்திரியெல்லாம் நீ முழிச்சே கெடந்தியா? படு. இப்ப நான் முழிச்சிருக்கேன்." அன்றைக்கு நீங்கள் வைத்த ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் அப்படி ஒரு தூக்கம் நான் அதற்குமுன் தூங்கியதே இல்லை. அதன்பிறகு ஒரு மதியம்கூட நீங்கள் தவறவிடவில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது, "இனிமேலாவது ராத்திரில நல்லா தூங்குங்க" என்றார்கள். எங்கே? ராத்திரியில் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கிடக்கிறேன். மதியம் இரண்டு மணியானால் மட்டும் கண் தானாகச் சொக்கிவிடுகிறது. நீங்கள் முழித்திருக்கிறீர்கள் என்று அதற்கு இன்னும் நினைப்பு.