சுவருக்குள் இருந்த கம்பி

1937 ஏப்ரல் 9, வெள்ளி. வேலூர்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு லாங் பஜார் வரை நடந்து புளி வாங்கி வந்தேன். நாங்கள் பின்கட்டில் குடியிருக்கும் இந்த வீட்டின் சொந்தக்காரி ஷஹீன் பானு பார்த்துவிட்டாள். "இன்னாம்மா சம்பூர்ணம், இந்த வெயில்ல நீயே போவணுமா? சொல்லியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே" என்று கோபித்துக்கொண்டாள். நல்ல மனுஷி. ஆனால் புளி விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை.

ஏப்ரல் 11, ஞாயிறு

சாயந்திரம் இவர் ஓர் ஆட்டுக்குட்டித் தோலோடு வந்து நின்றார். ரோமத்தோடு பதம் பண்ணிய தோல், ஈரம் இன்னும் காயவில்லை. தோல் மண்டி முதலாளியிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்த பிறகு தானே உட்கார்ந்து பண்ணினாராம். "தொட்டில்ல விரிக்க. நம்ம புள்ள இதுல படுக்கட்டும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷம் காத்திருந்து வருகிற பிள்ளை. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நாற்றம் போனால்தான் தொட்டிலுக்கு என்று மட்டும் சொன்னேன்.

ஈரத் தோலை இழுத்து விரித்து, சுற்றிலும் ஆணி அடித்துக் காயவைப்பதுதான் தோல் மண்டியில் இவர் வேலை. அங்கே பலகை உண்டு. இங்கே பலகைக்கு எங்கே போவது? அறைச் சுவரிலேயே விரித்து அடித்தார். ஓர் ஆணி இறங்கும்போது விளக்கு ஒரு தடவை மினுக்கியது. "பானு அம்மா வூட்டு கரண்டுக்குக் கூட தோல் நாத்தம் புடிக்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 12, திங்கள். காலை

மண்டிக்குக் கிளம்பும்போது, "வெயில் ஜாஸ்தி. ஓரம் காஞ்சா சுருங்கிடும். மத்தியானம் ஈரத்துணியால தொடச்சி வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டியிருக்க மாட்டார், வயிற்றுக்குள் ஒரே உதை. போக்கிரி! சாயந்திரம் வந்ததும் இவரைக் கை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 17, சனி

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

திங்கள் மத்தியானம் தோலின் ஓரத்தை ஈரத்துணியால் துடைத்தேன். ஓர் ஆணியில் கை பட்டது — தோளைப் பிடித்து யாரோ வீசி எறிந்தது போல இருந்தது. கண் விழித்தபோது பானு அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வயிறு அசையவே இல்லை. வியாழக்கிழமை பெற்றேன். பெண். தலை நிறைய முடி. அழவில்லை. பாலாற்றங்கரை மண்ணில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஐயோ, என் கண்ணே! இதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

ஏப்ரல் 20, செவ்வாய்

கரண்டு ஆள் வந்து சுவரைப் பெயர்த்துப் பார்த்தான். மற்ற வீடுகளில் கம்பியை மரச்சட்டத்துக்குள் போட்டுச் சுவருக்கு மேலே கொண்டுபோவார்களாம், கண்ணுக்குத் தெரியும். இங்கே சுவரை வெட்டி உள்ளே புதைத்து மேலே பூசியிருக்கிறது. இவர் அடித்த ஆணி அதில்தான் போய் நின்றிருந்தது.

சட்டம் பார்க்க நன்றாயில்லை என்று புதைக்கச் சொன்னது பானு அம்மாவின் மகன் ஜியாவுல்லா. அவன் தலை கவிழ்ந்து நின்றான். "ஆணி அடிக்காதீங்கன்னு நான் ஒரு வார்த்த சொல்லாம போய்ட்டேனே" என்று பானு அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளை என்ன சொல்ல?

இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ஆணி அடிச்சதும் நான். தொடச்சி வுடுன்னதும் நான்." அவ்வளவுதான்.

ஏப்ரல் 23, வெள்ளி

மண்டிக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை.

ஏப்ரல் 27, செவ்வாய்

இன்றும் தட்டைத் தள்ளிவிட்டார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஆறுதல் சொன்னேன், கெஞ்சினேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். சுவரிடம் பேசுவது போல இருக்கிறது. பெற்றவள் நான். எனக்கு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை, இவருக்குக் காவல் இருக்கிறேன். இவர் கிணற்றுப் பக்கம் எழுந்து போனாலே நானும் பின்னாலேயே போய் நிற்கிறேன். இவரும் போய்விட்டால் எனக்கு யார்?

மே 1, சனி

சோறு பிசைந்து எடுத்துப் போய் எதிரில் உட்கார்ந்தேன். "ஒண்ணு சொல்லணும். கரண்டு அடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாலேர்ந்தே கொழந்த அசையல. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாளுக்குப் பிறகு! அப்புறம் கண் சிவந்தது. "அடிப்பாவி! அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழச்சிருக்குமேடி! வாய்ல இன்னா கொழுக்கட்டயா வச்சிருந்த?" தெருவே கேட்கிற கத்தல். "இன்னாப்பா வேதாசலம், பச்ச ஒடம்புக்காரிய" என்று பானு அம்மா ஓடிவந்தாள். அவளைப் போகச் சொல்லிக் கண் காட்டினேன்.

கத்தி ஓய்ந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். குழந்தையைக் கொண்டுபோன அன்றுகூட அழாதவர். அப்புறம் தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டார்.

என் பெண் அந்தத் திங்கட்கிழமை காலை உதைத்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதும்.

மே 3, திங்கள்

மண்டிக்குப் போனார். என்னோடு பேசவில்லை.