பாதி போத்தல் பிரேக் ஆயில்

அக்டோபர் 9, புதன்

காரைத் துடைத்தேன். வீட்டுக்காரர் ஆம்புரோஸ் இறந்த பிறகு அது வீட்டு முன்னாலேயே நிற்கிறது. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைப்பேன், சத்தம் கேட்க. இன்று பிரேக்கை மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போகிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அவரைப் புதைத்தது கோலா கங்சாருக்கு அந்தப் பக்கம், பழைய எஸ்டேட் கல்லறையில். பஸ் கிடையாது. மகன் மார்கஸுக்கு ஜொகூரில் லீவு இல்லையாம். "காரை வித்துடுங்கம்மா, நீங்க எங்க ஓட்டப் போறீங்க?" என்கிறான்.

லைசென்ஸ் என்னிடமும் இருக்கிறது. யாருக்கும் ஞாபகமில்லை.

அக்டோபர் 10

பின்பெட்டியில் அவர் வாங்கி வைத்த பிரேக் ஆயில். பாதி போத்தல். மூடியில் அவர் விரல் கறை. இதையே ஊற்றிவிட்டால் என்ன? அவர் கையால் திறந்தது.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் வேலி ஓரம் நின்று பார்த்தாள். "கண்டதை ஊத்திட்டு எங்கயாச்சும் போய் முட்டாதீங்கக்கா. பட்டறை அர்ச்சுனனைக் கேளுங்க லா."

அக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் இல்லை.

அக்டோபர் 15

அர்ச்சுனன் வந்தான். உள்ளே இருந்த ஆயில் பால் ஊற்றாத கோப்பி-ஓ மாதிரி கறுத்துக் கிடந்தது. காரின் ஆயில் டப்பா மூடியில் DOT 3 என்று போட்டிருந்தது. போத்தலைக் காட்டினேன். "இதுவும் மூணுதானே?"

"நம்பர் சரிதான்க்கா. ஆனா திறந்து ரொம்ப நாளாயிருக்கு. காத்துல உள்ள தண்ணிய குடிச்சிருக்கும். இறக்கத்துல பிரேக் சூடானா கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது."

"கொஞ்சமா கலந்தா?"

"ஒரு சொட்டும் வேணாம். அண்ணன் இருந்தா அவரே தூக்கிப் போட்டிருப்பாரு."

"அவரு இருந்தா நான் எதுக்கு தம்பி உன்னக் கூப்பிடுறேன்?" கத்திவிட்டேன். பாவம், அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பிறகு சொன்னான்: மூணு போதும், நாலும் ஊற்றலாம், நாலு இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், அஞ்சை மட்டும் இந்தக் காருக்குத் தொடக்கூடாது. ஆம்புரோஸ் எப்போதும் மூணுதான். நான் நாலு என்றேன்.

அவன் போன பிறகு அழுதேன். ஒரு போத்தலுக்கா இப்படி?

அக்டோபர் 17

பின் சக்கரத்து பிரேக்கில் ஒரு ரப்பர் வழியாக ஆயில் கசிந்திருக்கிறது. அர்ச்சுனன் அதை மாற்றினான். பழைய ஆயிலை வெளியேற்ற ஒரு ஆள் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கணுமாம். நான்தான் ஏறினேன். சக்கரத்துப் பக்கமிருந்து அவன் குரல்: "மிதிங்கக்கா... பிடிங்க... விடாதீங்க... ம், இப்ப விடுங்க." நாலு சக்கரத்துக்கும் இதே. கடைசியில் பிரேக் கல் மாதிரி நின்றது.

"கால்ல நல்ல பலம்க்கா!"

இருக்காதா? அவர் வேகமாகப் போகும்போதெல்லாம் இடது சீட்டில் உட்கார்ந்து தரையை மிதித்த கால் இது. அங்கே கார்ப்பெட்டே ஓட்டையாகிவிட்டது. "உனக்கு அங்க எந்த பிரேக்கு இருக்கு, பெர்னடெட்?" என்று சிரிப்பார்.

போத்தலை அர்ச்சுனன் கையில் நானே கொடுத்தேன்.

அக்டோபர் 26

சிம்பாங் பூலாய் வரை ஓட்டிப் போய் வந்தேன். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

நவம்பர் 2, சனி

கிளம்பும்போது நல்லம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாரேன்க்கா. தனியா போவாதீங்க." இடது சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

அங்கே ரப்பர் பால்மரமெல்லாம் போய் இப்போது எண்ணெய்ச் செம்பனைதான். கல்லறையில் புல்லைப் பிடுங்கினோம். காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. நல்லம்மாள் கையால் மறைத்துப் பிடித்தாள்.

திரும்பும்போது இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி. மிதித்தேன், கார் சொன்னபடி நின்றது. பக்கத்தில் பார்த்தால் நல்லம்மாளின் கால் அந்தக் கார்ப்பெட் ஓட்டை மேல், அழுத்தின அழுத்தல்.

"உனக்கு அங்க எந்த பிரேக்கு இருக்கு?" என்றேன்.

காலை எடுக்காமலேயே, "நீங்க ரோட்டைப் பாருங்க லா" என்றாள்.

பார்த்தேன்.