விண்வெளி லிஃப்டும் என் வாயும்

ஜூன் 4, வியாழன்

ஆஸ்பத்திரி லிஃப்டில் கதவு உருளையை மாற்றினேன். கையில் கிரீஸ், மனம் முழுக்க நாளைய படம். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட்! முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்! இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மகள் மூன்று மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். விண்வெளிப் படம் என்றால் எப்போதும் நானும் அவளும்தான். என் மனைவிக்கு அந்தச் சத்தமே ஆகாது. இருபதாம் தேதி மகள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அதற்கு முன் சேர்ந்து பார்க்கிற கடைசிப் படம் இது.

ஜூன் 5, வெள்ளி

கெடுத்துவிட்டேன். நானே கெடுத்துவிட்டேன்.

வில்லன் ரம்பத்தால் கயிற்றை அறுக்கிறான், லிஃப்ட் தலைகுப்புறக் கீழே பாய்கிறது. வாயை அடக்க முடியுமா? "விழாதும்மா, கயிறு அறுந்தா பிரேக் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கும்" என்றேன். அடுத்து, காற்றே இல்லாத இடத்தில் நாயகியின் முடி பறக்கிறது. "யாரோ ஃபேன் போட்டிருக்கான் பாரு." முன்வரிசைக்காரர் சிரித்தார். போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. நாயகியின் அப்பா லிஃப்டுக்குள் உயிரை விடுகிறார், தியேட்டரே அமைதி — "சோதனை சர்டிபிகேட்டே ஒட்டல, இதுல யாரு ஏறச் சொன்னது?" என்றேன். கொல்லென்று சிரிப்பு.

மகள் அழுதுகொண்டிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை. எழுந்து போய் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

வரும் வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பிடிக்கலைன்னா பேசாம இருந்திருக்கலாம்ல? இனிமே உங்களோட படத்துக்கே வரமாட்டேன்பா."

பிடிக்கவில்லையா? எனக்கா? அட, இன்னும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதே! அப்புறம் ஏன்டா அப்படி உளறினாய்?

ஜூன் 6

"சாப்டியாம்மா?" "ம்." இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

ஜூன் 9, செவ்வாய்

யூனிஃபார்மோடு மதியக் காட்சிக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என்ன படம்யா! கதையில் யானை புகுகிற அளவுக்கு ஓட்டை, புகட்டுமே! நாயகி ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறாள், மறு கையில் தம்பி, கீழே பூமி உருண்டையாகச் சுழல்கிறது. "கயிறு அறுந்தாலும் கையை விடமாட்டேன்!" என்கிறாள். எனக்குப் புல்லரித்து, விசில் அடித்துவிட்டேன். இந்த வயதில்! பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

அங்கிருந்து நேராக ஒன்பது மாடிக் குடியிருப்பில் மாதச் சோதனை. மோட்டார் ஓடுகிற சத்தத்தில்கூடப் படத்தின் இசைதான் கேட்டது.

ஜூன் 11, வியாழன்

மானம் போச்சு. காலையில் சூப்பர்வைசர் போனில் கத்தினார்: "யோவ், கார்டுல என்னய்யா எழுதி வெச்சிருக்க? ரெண்டு நாளா ஒன்பது மாடியும் படியில ஏறிட்டிருக்கு!"

ஓடினேன். லிஃப்டுக்குள் தொங்குகிற சோதனை அட்டையில், "குறிப்பு" என்ற கட்டத்தில், "நன்று" என்று எழுத வேண்டிய இடத்தில், என் கையெழுத்தில்: "கயிறு அறுந்தாலும் கையை விடமாட்டேன்!" கீழே தேதி, ஒப்பம் வேறு! எழுதியது சத்தியமாக நினைவில்லை. வேறு அட்டை மாட்டி, வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, நானே நான்கு தடவை ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். ஏழாம் மாடி அம்மா மட்டும் இன்னும் படிதான்.

அந்த அம்மாவின் பெண் என் மகளுடைய சிநேகிதியாம். அட்டையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டாள். சாயங்காலம் மகள் போனை நீட்டினாள்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமா."

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"மூணு. நேத்தும் போனேன்."

"அவ்ளோ பிடிச்சிருந்துச்சுன்னா அன்னிக்கு ஏம்பா அப்படிப் பண்ணீங்க?"

"பிடிச்ச மெஷினைத்தான்மா அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் பாக்கத் தோணும். ஆனா நீ அழுததைப் பாக்காம விட்டேன் பாரு, அது தப்பு. பெரிய தப்பு."

அடுப்படியிலிருந்து என் மனைவி: "ஆமாமா, இருபது வருஷமா என்னையும் கழட்டிட்டுத்தான் இருக்காரு."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, கோபமா? "சரி" என்று உள்ளே போனாள். கதவு ஓசையில்லாமல் மூடியது.

ஜூன் 18

பெட்டி அடுக்குகிறாள். இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டுவிடலாமா? கேட்டு, வேண்டாம் என்றுவிட்டால்?

ஜூன் 19, வெள்ளி

"கிளம்புங்க" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

தியேட்டரில் லிஃப்ட் படத்தைத் தூக்கிவிட்டார்கள்! காலையிலிருந்து புதுப்படமாம். போஸ்டரில் செவ்வாய்க் கிரகத்துத் தேள் ஒன்று துப்பாக்கியோடு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் பஸ்.

"வீட்டுக்குப் போயிடலாமாம்மா?"

அவள் போஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள். "போஸ்டர்லயே மூணு தப்பு தெரியுது. உள்ள வாங்கப்பா."

படம் படு மட்டம். இரண்டரை மணி நேரமும் நாங்கள் இருவரும் வாயே மூடவில்லை. பின்வரிசைக்காரர் இரண்டு தடவை அதட்டினார். இரண்டு தடவையும் அவளைத்தான்.