ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

பெரியவன் மகன் பதுளை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவன் மகள் பண்டாரவளையில் டீச்சர். அவள் தம்பி ஓ எல் பரீட்சையில் கணக்குக்கு ஏ எடுத்திருக்கிறான். பெரியவன் மகள், உங்கள் செல்லப் பேத்தி, கொழும்பில் ஆராய்ச்சி செய்கிறாள். இதெல்லாம் உங்கள் படத்துக்கு விளக்கேற்றும்போது சொன்னதுதான். இன்றைக்கு நமுனுகுல மலைப் பக்கம் வானம் கறுத்து, முதல் துளி விழுந்து மண் வாசனை எழும்பியதும், சொல்லாத ஒன்று தொண்டைக்கு வந்தது.

பேத்தி ஒரு பயிற்சிக்குப் போனாள். மழை, வெயில், காற்றையெல்லாம் கணக்காக எழுதி, இனி என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் படிப்பாம். டாக்டர், விவசாயம் படித்தவர், சரித்திரம் படித்தவர் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆளுக்கொரு ஊர் மழையை எடுக்கச் சொன்னபோது, இவள் நம் தோட்டத்தை எடுத்தாள். தேயிலை ஸ்டோர் வாசலில் மழை அளக்கிற போத்தலைப் பார்த்து நீங்கள் எழுதிவந்தீர்களே, அந்தக் கணக்கு. எவ்வளவு மழைக்கு நம் மலை சரியும் என்று தெரிந்தால், கீழ் லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்களை முன்னாடியே வெளியே கூட்டிவந்துவிடலாம் என்பது அவள் ஆசை.

ஒரு நாள் போன் எடுத்தாள்.

"அப்பாயி, தாத்தா கணக்குல ஞாயித்துக்கெழமை மழையே இல்ல. எல்லா வருசமும் பூச்சியம். திங்கக்கெழமை கொட்டித் தீர்க்குது. உங்க ஊரு மழையும் லீவு எடுக்குமான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்தை மண்ணுக்குள்ள போன நாளும் ஞாயிறுதானே அப்பாயி? அன்னைக்கும் பூச்சியம். மழையில்லாமலே மலை சரிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. இந்தக் கணக்க வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது, விட்டுடுன்னு சார் சொல்றாரு."

அன்றைக்கு மண்ணுக்குள் போனவள் நம் கடைக்குட்டி. அந்த மழையைப் பூச்சியம் என்றால் எப்படி?

"ஞாயித்துக்கெழமை ஸ்டோர் பூட்டியிருக்கும் புள்ள. தாத்தா மறுநாள் காலையிலதான் போத்தலப் பார்ப்பாரு. ரெண்டு நாள் மழையும் அதுக்குள்ளதான் கெடக்கும்."

"அந்தத் திங்கக்கெழமையும் போனாரா?"

போனீர்கள். பிள்ளையை அப்போது இன்னும் தோண்டி எடுத்திருக்கவில்லை. நீங்கள் சேற்றுக்காலோடு மேலே ஸ்டோருக்கு ஏறினீர்கள். "பெத்த புள்ள மண்ணுக்குள்ள கெடக்கு, எங்கய்யா போற?" என்று லயமே கேட்கக் கத்தினேன். திரும்பிப் பார்த்து, "எவ்வளவு பெஞ்சுதுன்னு நாளைக்கு எவன் சொல்லுவான்?" என்றீர்கள். அந்த வார்த்தை நீங்கள் கண்ணை மூடும்வரை எனக்குச் செரிக்கவில்லை. நீங்களும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

இதை அப்படியே பேத்தியிடம் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "அந்தக் கணக்குதான் அப்பாயி எனக்கு வேணும்" என்றாள்.

அவர்கள் உங்கள் கணக்கை விட்டுவிடவில்லை. திங்கட்கிழமை மழையை ஞாயிறோடு சேர்த்து எப்படி எடுப்பது என்று வகுப்பே உட்கார்ந்து பார்த்ததாம். இது ஆரம்பந்தான், இதை வைத்து இன்றைக்கே யாரையும் எழுப்பி வெளியே கூட்டிவர முடியாது என்றும் சொன்னாள். சரி. நீங்கள் ஏறிப்போனது யாருக்காக என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது. மிச்ச நாளுக்கு அது போதும்.

வகுப்பில் நின்று அந்தக் கணக்கைக் காட்டுகிற மாதிரி புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு, போனில் வேண்டாம் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற பிள்ளையின் படத்தை உங்கள் இரண்டு பேர் படத்துக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். எதிர்ச்சுவரில் மாட்டுகிறேன், நீங்களும் கடைக்குட்டியும் பார்க்கிற மாதிரி.