ஔவர் ஹஸ்பண்ட்

போக்ரா,
பாதௌ மாதம்.

அன்புள்ள தில்பகதூர் அவர்களுக்குத் தன்மாயா கும்பிட்டு எழுதுவது. நாங்கள் சுகம். எருமையும் சுகம், மழையில் தொழுவம்தான் ஒழுகுகிறது.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போன் அடித்தாலே உங்கள் அம்மா என் தோளில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் விடுமுறை முடிந்து இங்கிலாந்தில் உள்ள உங்கள் பட்டாளத்துக்குத் திரும்பும் கர்ணபகதூரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சையில் தேறிவிட்டேன். எப்படித் தேறினேன் என்று ஊரார் கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சர்மிளா மிஸ், ஆண் என்றால் ‘ஹிஸ்’, பெண் என்றால் ‘ஹெர்’ என்று தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார். நம் நேபாளிப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே, நாக்கு எங்கே கேட்கிறது? என் அப்பாவின் மீசைக்கு ‘ஹெர்’ போட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது.

உங்கள் அம்மா எனக்குத் துணைக்கு வந்து, பின் பெஞ்சில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஒருநாள் மிஸ் உங்கள் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டார். “மை ஹஸ்பண்ட்” என்றேன். மிஸ் அதை நம் மொழியில் விளக்கியதுதான் வினை.

“என்னது, உன்னோடவனா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “நேத்து வந்தவ நீ! பெத்தது யாரு, தூக்கி வளத்தது யாரு?”

இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. வீட்டில் நிம்மதி வேண்டுமே என்று ‘ஔவர்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். நம்முடையது என்று அர்த்தம். ஔவர் வீடு, ஔவர் எருமை, ஔவர் ஹஸ்பண்ட். அம்மாவுக்குப் பரம திருப்தி.

காட்மாண்டுவில் பரீட்சை வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். வீட்டில் யார் யார் என்றார். அம்மாவைச் சொன்னேன், எருமையைச் சொன்னேன், “ஔவர் ஹஸ்பண்ட் இங்கிலாந்தில்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். எத்தனை மனைவி என்று ஏதோ கேட்டார். எத்தனை பெண்கள் என்று புரிந்துகொண்டு “டூ” என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே கணவரா என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விசா போச்சு என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். “நோ! மை ஹஸ்பண்ட்! ஒன்லி மை! ஔவர் எருமை, மை ஹஸ்பண்ட்!” என்று மேசையைத் தட்டினேன். அந்த மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்து, மறுபடி பேனாவை எடுத்தார்.

வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இது அத்தனையும் கேட்டிருக்கிறது. அர்த்தத்தை வாசல் காவல்காரர் சொல்லிவிட்டார். ஊருக்குப் பஸ் ஏறினோம். வழியில் முக்லிங்கில் சாப்பிட இறங்கியபோது, அம்மா தன் தட்டிலிருந்த கறியை எடுத்து என் சோற்றில் போட்டார்.

“அந்த வெள்ளக்காரங்கிட்ட கத்துன மாதிரி அங்க போயும் கத்து. அப்பத்தான் அவன் ஒழுங்கா இருப்பான்” என்றார். பிறகு, “குளிருக்கு அவன் காத மூடவே மாட்டான், நீ பாத்துக்க” என்றார். நான் முகத்தைப் பார்ப்பதற்குள் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

எனக்கு டிக்கெட் அனுப்ப வேண்டாம். தசைன் பண்டிகைக்கு நீங்களே வாருங்கள். அம்மா கையால் நெற்றியில் திலகம் வாங்கி, நாலு நாள் அவர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் என்னை அழைத்துப் போங்கள். லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பசுபதிநாதர் உங்களைக் காக்கட்டும்.

தன்மாயா