ஞாயிற்றுக்கிழமை மட்டும் காட்டிய வீடு

என்னங்க, சாப்பாடு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். பதினோரு மணிக்குத் தரகர் வீட்டு ஒப்பந்தத்தோடு வந்து எழுப்புவார். "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க சார்" என்பார். மசிந்துவிடாதீர்கள். நான் வரும்வரை கையெழுத்து வேண்டாம்.

மூன்று முறையும் அந்த வீட்டை ஞாயிற்றுக்கிழமைதான் காட்டினார். பின்சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, பூட்டிக் கிடந்தது. இன்று திங்கட்கிழமை, வேலை நாள்; கொட்டகையைத் திறந்தால் அங்கே என்ன சத்தம் வருகிறது என்று கேட்கத்தான் போகிறேன்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்" என்று நேற்று கத்தினீர்களே, நைட் ஷிப்ட் முடித்து அங்கே பகலில் தூங்கப்போவது நானா?

சொல்ல மறந்துவிட்டேன். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பார்க்கிறீர்களா? உங்கள் படிக்கிற கண்ணாடி என் பையில் இருக்கிறது.