எனக்கு எழுதிய குறை

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். எங்கள் கொள்முதல் நிலையத்தில் மிளகு மூட்டை இறக்கும் இடமெல்லாம் ஈர வாடை.

நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதிய மதிப்பீட்டுப் படிவங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டன. எல்லோரும் எல்லோருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறோமாம். வேறென்ன போடுவது? ஒரே மேசையில் சோறு தின்கிறவர்கள். இந்த முறை ஆளுக்கு ஒரு குறையாவது கட்டாயம் எழுத வேண்டும். என் கொன்ட்ராக்ட் இந்த மாதத்தோடு சரி. நிரந்தரமாவேனா என்பது இந்தப் படிவத்தில்தான்.

வாங்க: பால்மா, சவர்க்காரம், உம்மாவின் பிரஷர் குளிசை.

ஜூலை 15, செவ்வாய்

நாள் முழுக்கக் கூத்து. சொல்லாமல் கொள்ளாமல் குறை எழுத யாருக்கும் மனமில்லை. ஒவ்வொருவராக வந்து மரியாதையாக அனுமதி கேட்கிறார்கள். லொறி டிரைவர் முருகேசண்ணன், கையில் பேனாவோடு:

"மிஸ், ஒங்களுக்கு என்ன கொற போடட்டுங்க?"

"கோவக்காரின்னு போடுங்க."

"அது வேணாங்க, உண்மையாப் போயிரும்."

கடைசியில் 'நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை' என்று போட்டார். நான் அவருக்கு: போனில் சத்தமாகப் பேசுவார். அவரே சொல்லித் தந்தது.

பக்கத்து மேசையில் எடை போடும் செல்வி மட்டும் வந்து கேட்கவில்லை. நானே கேட்டேன். "எழுதிக் குடுத்துட்டேங்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

மேனேஜர் சார் கூப்பிட்டார். செல்வி எழுதியதை என் முன்னால் வைத்தார். 'எந்தத் தோட்டத்து மூட்டையில் மேலே காய்ந்த மிளகு, அடியில் ஈரம் என்று பஸ்மியா அக்காவுக்கு மட்டும் தெரியும். எல்லாம் அவர் பையில் இருக்கும் கொப்பியில் எழுதியிருக்கிறது. அவர் லீவு என்றால் நாங்கள் குருட்டாம்போக்கில் வாங்குகிறோம்.'

காது சுட்டது. பொய் என்றால் சண்டை பிடித்திருக்கலாம்.

"இத்தன பேப்பர்ல நான் நம்பினது இத மட்டுந்தான்" என்றார் சார். "கொப்பியில இருக்கிறத கம்ப்யூட்டர்ல போடுங்க. பெறகு ஒரு நாள் லீவு எடுங்க. அன்னைக்கி யாரும் ஒங்களப் போன்ல கூப்பிடாம வேல நடந்தா, பேர்மனன்ட் லெட்டர் தாரேன்."

எல்லாவற்றையும் கொடுத்த பிறகு நான் எதற்கு? கொப்பி என்னிடம் இருக்கும்வரை என்னை அனுப்ப மாட்டார்கள் என்றுதான் மூன்று வருஷமாக அதைப் பையிலேயே வைத்திருந்தேன். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பஸ்ஸில் செல்வியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

நான் வாசிக்க, செல்வி டைப் செய்கிறாள். அவள் கை வேகம். கோபம் நேற்றோடு போய்விட்டது. இழுத்துப் பிடிக்கப் பார்த்தேன், நிற்கவில்லை.

'நாவுலத் தோட்டம், வெள்ளை வீட்டுக்காரர்: மழைக்கு மறுநாள் வந்தால் மூட்டையைக் கவிழ்த்துப் பார்.'

'லக்கலத் தோட்டங்கள்: யானை இறங்கிய வாரம் காயவைக்க ஆள் நிற்காது. அவசரத்தில் கட்டிய மூட்டை.'

"யானையையும் சிஸ்டத்துல போடணுமாக்கா?"

"போடு."

அறுபத்திரண்டு பக்கம். எனக்கு இவ்வளவு தெரியுமா? பெருமையாக இருந்தது. மத்தியானம் அவள் ரொட்டி, என் கட்டச் சம்பல்.

ஜூலை 28, திங்கள்

லீவு. நல்ல வெயில். திரைச்சீலை துவைத்தேன். அலமாரி துடைத்தேன். போன் கூடவே. பத்து மணி, அடிக்கவில்லை. பன்னிரண்டு, இல்லை.

உம்மா: "போன் அடிச்சாலும் கத்துற, அடிக்காட்டியும் மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டிரிக்கிற. ஒனக்கு என்னதான் வேணும்?"

லுஹர் தொழுதேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை. நானே செல்விக்குப் போன் எடுத்தேன்.

"செல்வி, நாவுல லொறி வந்திச்சா?"

"வந்திச்சு. எட்டு மூட்ட. மூணுல அடியில ஈரம், திருப்பி அனுப்பியாச்சு."

"யாரு பாத்த?"

"நாந்தான். ஒங்க பக்கத்த வாசிச்சிட்டு கவுத்துப் பாத்தேன். சார் பக்கத்துலயே நின்னாரு. லெட்டர்ல கையெழுத்து வச்சிட்டாருக்கா!"

"நான் இப்ப கூப்பிட்டது?"

"நாங்க கூப்பிட்டாதான் கணக்கு. வைங்க, அடுத்த லொறி நிக்குது."

வைத்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் வயிறு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக லீவு நாளில் தூங்கப் போகிறேன்.